‘வரை’ என்ற சின்னச் சொல்

வீட்டுக்கு இணைய இணைப்பு தரும் இரண்டு நிறுவனங்களின் விளம்பரத்திலும் வேகம் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்றே இருக்கிறது. ஒன்று மட்டும் மலிவு. பிறகென்ன, மலிவானதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் சூட்சுமம் அந்த ‘வரை’யில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. நாம் இறக்கும் கோப்பை அளப்பதோ மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க 80 நொடி. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அலகுதான் வேறு.

இப்போது ‘வரை’க்கு வருவோம். ஃபைபர் கனெக்‌ஷன் என்றால் நமக்கென்றே தனிக் கண்ணாடி இழை கடைசிவரை போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. வழியில் ஒரு பெட்டிக்குள் ஸ்பிளிட்டர் இருக்கும். மின்சாரமே தேவைப்படாத சாதனம் அது. ஓர் இழையில் வரும் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்து விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் வீடியோவும் ஒளியாக நம் வீட்டு மோடம்வரை வருகிறது. மோடம் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது. இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் பரவலாக உள்ள ஜிபான் என்ற முறையில் இந்த ஓர் இழையின் மொத்தத் திறன் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், அதாவது 2,500 எம்பிபிஎஸ். 32 வீடும் ஒரே நொடியில் இழுத்தால் ஆளுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ்தான் தேறும். 64 என்றால் அதிலும் பாதி.

எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், இத்தனை பேருக்கு எத்தனை லைன் போதும் என்று 1917இலேயே சூத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டார். ஸ்பிளிட்டரைத் தாண்டி, நிறுவனம் வெளி இணையத்தோடு இணையும் இடத்திலும் இதே கணக்குதான். அங்கே கொள்ளளவைக் குறைத்தால் பிளானின் விலையையும் குறைக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டாமல் போகலாம். சோதனை சர்வர் பல சமயம் அந்த நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். வெளியே உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, வைஃபையை விட்டுக் கேபிளைச் செருகி, இரவில் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

பிங், அதாவது ஒரு தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், வேறு கதை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 5,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர 50 மில்லிசெகண்டு ஆகும். எவ்வளவு விலை கொடுத்துப் பிளான் எடுத்தாலும் அது குறையாது.