8,160 கட்டங்களில் ஒரு மனிதர்

இரவு மழையில் எடுத்த டேஷ்கேம் வீடியோவை நிறுத்தி, முன்னால் போன வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முயன்றிருக்கிறீர்களா? எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கரைந்த சோப்பு மாதிரி ஒரு வெள்ளைக் கறைதான் தெரியும். பல நேரம் லென்ஸ் மீது தப்பு இருக்காது. கேமரா பார்த்திருக்கும், பதிவு செய்யும்போது தூக்கிப் போட்டிருக்கும்.

தூக்கிப் போடாமலும் முடியாது. ஒரு படத்துக்கு 1920-க்கு 1080 பிக்சல், பிக்சலுக்கு 24 பிட், விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம். பெருக்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட் வருகிறது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் கார்களுக்கோ கேமராக்கள்தான் கண். அப்படிப்பட்ட கார்களை இயக்கும் வேமோ நிறுவனம் 2024-இல் அறிவித்த ஆறாம் தலைமுறைத் தானோட்டி அமைப்பில் 13 கேமராக்கள். அதற்கு முந்தையதில் 29. பதின்மூன்றையே இந்தக் கணக்கில் வைத்தாலும், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு எட்டு டெராபைட்டைத் தாண்டிவிடும்.

கேமராவுக்கும் காருக்குள் இருக்கும் கணினிக்கும் நடுவே சில மீட்டர் கேபிள்தான். விநாடிக்குப் பல நூறு கோடி பிட் கடத்தும் இணைப்புகள் அதற்கென்றே இருக்கின்றன, ஆகவே ஆளையும் வண்டியையும் அடையாளம் காணும் நிரல் பெரும்பாலும் சுருக்காத படத்தையே பார்க்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம். விநாடிக்கு 10 கோடி பிட் மட்டுமே போகும் எளிய ஈதர்நெட் வயரில் கேமராவை மாட்டினால் சுருக்கியாக வேண்டும். ஓட்டத்தைச் சேமித்து வைக்கவும் சுருக்க வேண்டும். கார் குழம்பி நின்று, தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் மொபைல் நெட்வொர்க் வழியாகப் படம் காட்டி யோசனை கேட்கும்போதோ வேறு வழியே இல்லை.

சுருக்கம் இரண்டு விதமாக நடக்கிறது. முதலாவது, முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்புவது. சிக்னலில் நிற்கும் காரின் கேமராவுக்கு இது கொண்டாட்டம், ஏனென்றால் அனுப்ப ஒன்றுமே இருக்காது. ஓடத் தொடங்கியதும் கதை மாறும். தூரத்தில், படத்தின் நடுவில் இருப்பவை ஏறக்குறைய அசையாமல் இருக்க, ஓரத்து மரமும் சுவரும் விரிந்து பாய்ந்து வெளியேறும். ஆகவே கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் நிரல், தன் பிட்டில் பெரும்பங்கைப் புளியமரத்து இலைகளுக்குச் செலவழிக்கும். எதிரே புள்ளியாக வந்துகொண்டிருக்கும் லாரிக்கு மிச்சம்மீதிதான்.

இரண்டாவது, ஒரே ஃப்ரேமுக்குள் நடக்கும் தோராயம். படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைவடிவங்களின் கலவையாக எழுதுவார்கள்: சமமான வெளிச்சம் இவ்வளவு, மெதுவான ஏற்ற இறக்கம் இவ்வளவு, நுணுக்கமான கோடுகள் இவ்வளவு. இந்தக் கணிதத்துக்குப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதாம்! டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். இன்று நாம் பார்க்கும் ஜேபெக் படமும் பெரும்பாலான வீடியோவும் அந்த எளிமையின் மேல்தான் நிற்கின்றன.

அலைகளாகப் பிரித்த பிறகு வருவது சில்லறைக் கணக்கு. 347 ரூபாயை 350 என்று சொல்வது போல ஒவ்வொரு எண்ணையும் முழுதாக்குவார்கள். எவ்வளவு முரட்டுத்தனமாக முழுதாக்கலாம் என்பதற்கு எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் 0 முதல் 51 வரை ஓர் அளவுகோல் உண்டு. ஆறு படி ஏறினால் தோராயம் இரட்டிப்பாகும். பத்து பத்தாக முழுதாக்கும்போது 3 ரூபாய் பூஜ்யமாகிவிடும். தொலைக்காட்சித் தொடரில் அந்த 3 ரூபாய் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. சாலையில் அந்த 3 ரூபாய், கறுப்புச் சட்டையோடு இருட்டில் நிற்கும் ஓர் ஆளாக இருக்கலாம்.

அவர் படத்தில் எவ்வளவு பெரியவர்? 120 டிகிரி அகலம் பார்க்கும் கேமரா, குறுக்கே 1920 பிக்சல் என்றால் டிகிரிக்குச் சுமார் 16 பிக்சல். 100 மீட்டர் தள்ளி நிற்கும் 1.7 மீட்டர் மனிதர் ஏறத்தாழ ஒரு டிகிரி உயரம்: 16 பிக்சல், அகலம் ஐந்து. எச்.264 படத்தைப் பிரிக்கும் கட்டமும் சரியாக 16-க்கு 16. மொத்தம் 8,160 கட்டங்கள். அவர் அதில் ஒன்று. அந்த ஒன்று முழுதாக அழிந்தாலும் படத்தின் சராசரித் தரத்தைக் காட்டும் எண் அசையாது. சராசரியை வைத்து வீடியோவை மதிப்பிடும் பழக்கம் காருக்கு உதவாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

நிறத்திலும் இதே கூத்து. மனிதக் கண் நிறத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்ப்பதில்லை என்பதால், வழக்கமான வீடியோவில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிற அளவுதான். 100 மீட்டர் தூரத்துச் சிவப்பு சிக்னல் விளக்கு இந்தக் கேமராவில் மூன்று பிக்சல் அகலம்கூட இராது. சிவப்பா, பச்சையா என்பதை ஒன்றிரண்டு நிற அளவுகள் சொல்ல வேண்டும்.

இதோடு இரவும் மழையும் சேரட்டும். இருட்டில் சென்சாரின் வெளியீட்டில் மணல் தூவியது போலப் புள்ளிகள் நடனமாடும். ஒரு ஃப்ரேமில் இருந்த புள்ளி அடுத்ததில் இருக்காது. ஆகவே அவற்றை முன்கூட்டிக் கணிக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. பிட் அளவு நிலையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தால் கோடெக் என்ன செய்யும்? தோராயத்தைக் கூட்டும். பார்வை மிகவும் தேவைப்படும் நேரத்தில் படம் மிகவும் மோசமாகும்.

சூழலுக்கேற்ப மாறும் சுருக்கம் இங்கேதான் நுழைகிறது. முதலில் அந்த மணலை வடிகட்டுவார்கள். அப்புறம் ஃப்ரேம் முழுவதற்கும் ஒரே தோராயம் என்பதை விட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுவார்கள்: வானத்துக்கும் காரின் சொந்த பானெட்டுக்கும் முரடாக, சாலைக்கும் நடைபாதைக்கும் நுணுக்கமாக. கேமராக்களுக்கு நடுவிலும் பங்கீடு மாறும். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்கேமராவுக்குப் பிட் போகும், இடது இண்டிகேட்டர் எரிந்தால் இடப்பக்கத்துக்கு. நெட்வொர்க் தளர்ந்தால் முதலில் வெட்டுப்படுவது அப்போது யாருக்கும் தேவைப்படாத கேமரா.

தாமதமும் கணக்கில் உண்டு. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஃப்ரேம் நேரத்துக்குள் கார் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போய்விடும். வருங்கால ஃப்ரேமைப் பார்த்துவிட்டு நிகழ்காலத்தைச் சுருக்கும் தந்திரம் சினிமாவுக்குச் சரி, நேரலைப் பார்வைக்கு ஆகாது. முந்தையதைச் சாராமல் அவ்வப்போது போகும் முழு ஃப்ரேம் இணைப்பை அடைத்துக்கொள்ளும் என்பதால், அதையும் பட்டை பட்டையாகப் பிரித்துப் பல ஃப்ரேம்களில் பரப்பி அனுப்புவார்கள்.

எனக்குச் சுவாரசியமானது இதில் ஒளிந்திருக்கும் முட்டை-கோழிச் சிக்கல். எது முக்கியம் என்று தெரிந்தால்தான் அங்கே பிட் கொடுக்கலாம்; தெரிய வேண்டுமானால் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்க வேண்டும். சுருக்குவதற்கு முன்னாலேயே அடையாளம் கண்டு, அந்தத் தகவலைக் கோடெக்குக்குக் கொடுத்தால் பாதி தீரும். மீதிப் பாதி, எந்த நிரலும் அறியாத பொருள்: லாரியிலிருந்து விழுந்த தார்ப்பாய், பாதி கிழிந்த டயர், சாலை நடுவே படுத்திருக்கும் ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்காத நிரல், அந்தக் கட்டத்தை வெறும் தார்ச்சாலை என்று எண்ணி முரடாக முழுதாக்கச் சொல்லும். இதற்கு ஒரு வழி, நிரல் என்ன சொன்னாலும் கார் போகப் போகும் பாதை விழும் கட்டங்களில் தோராயம் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று பூட்டிவைப்பது. அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் காலியான தாரைத்தான் காட்டும். அதற்கும் பிட் செலவாகிக்கொண்டே இருக்கும்.