பட்டப்பகலில் லைற் எதற்கு?

காலை பத்து மணி வெயிலில் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியால் போய்ப் பாருங்கள். கோண்டாவில் வருவதற்குள் எதிரே வருகிற இரண்டு பேராவது கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார்கள். சந்தியில் நின்றால் பக்கத்தில் வந்து நிற்கிற ஐயா வாயாலேயே சொல்லிவிடுவார்: “தம்பி, லைற் எரியுது.” தெரிந்துதான் போட்டிருக்கிறேன் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார். “எரியிற வெயிலுக்கை உமக்கு லைற் வேணுமோ?”

நல்ல மனசோடு கேட்கிற கேள்வி. வெயிலில் எனக்கு லைற் வேண்டியதில்லை என்பதும் சரிதான். அது ஐயாவின் கண்ணுக்காக எரிகிறது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். எங்கள் சனம் போய்க் குடியேறிய நாடுகளை எடுத்தாலே இதில் எத்தனை விதமான சட்டம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சுவீடனில் 1977 முதலும் டென்மார்க்கில் 1990 முதலும் எல்லா வாகனமும் பகலிலும் லைற்றோடுதான் ஓட வேண்டும். கனடாவில் 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் பகல் விளக்கு தானாகவே எரியும். சுவிசில் 2014 ஜனவரி 1 முதல் கட்டாயம். பிரித்தானியாவோ வேறு பக்கம் நிற்கிறது. லைற்றே பூட்டாத பழைய மோட்டார் சைக்கிளைக்கூடச் சூரியன் உதித்து மறையும் வரை அங்கே ஓடலாம், பார்வை மோசமாகக் குறையாத பகலாக இருந்தால் போதும். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய இருசக்கர வாகனங்களில் இஞ்சின் ஸ்ரார்ட் ஆனால் ஹெட்லைற்றும் எரியும். அணைக்கச் சுவிச் கிடையாது.

வெயிலே அரிதான நோர்டிக் நாடுகள் இப்படிச் செய்வது புரிகிறது. எங்களுக்கு எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஓரிடத்தில் விழுகிற ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். கொளுத்தும் வெயிலில் தரையில் விழுகிற ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மோட்டார் சைக்கிள் லைற்றின் டிம் வெளிச்சம் 25 மீற்றருக்கு அப்பால் சில பத்து லக்ஸைத் தாண்டாது. கடலில் கரைத்த பெருங்காயம். றோட்டுக்கு அது எதையும் கூட்டுவதில்லை. ஆனால் எதிரே நிற்பவர் றோட்டில் விழுந்த வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, லைற்றின் கண்ணாடியைப் பார்க்கிறார். உள்ளங்கை அளவான அந்த இடத்திலிருந்து வெளிச்சம் முழுவதும் அவர் பக்கமாகவே வருகிறது. தார் றோட்டோ தன்மேல் விழுந்த வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை நாலாபக்கமும் சிதறவிடுகிறது. அதனால் அந்தச் சிறு கண்ணாடி, வெயிலில் காய்கிற றோட்டைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருக்கிறது. கார்களின் பகல் விளக்குக்கு ஐ.நா.வின் ஒழுங்குவிதி எண் 87 கேட்பது குறைந்தது 400 கண்டெலா (விளக்கு ஒரு பக்கமாக வீசுகிற ஒளியின் அளவு), கூடினால் 1,200. அவ்வளவு போதும்.

சரி, மோட்டார் சைக்கிள் என்ன ஊசியா, லைற் இல்லாமல் தெரியாதா? கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. 100 மீற்றர் தூரத்தில் நேராக வருகிற மோட்டார் சைக்கிள், ஆளோடு சேர்த்து, 0.4 பாகை. சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஆறு செக்கன். முதல் மூன்று செக்கன் போய் 50 மீற்றருக்கு வந்த பிறகும் அது 0.8 பாகைதான், இன்னும் விரலுக்குள் அடங்கும். அடுத்த ஒன்றரைச் செக்கனில் 1.6. அதற்கடுத்த முக்கால் செக்கனில் 3.2. நேராக வருவதால் இடமும் வலமும் அசைவதில்லை. கடைசி நேரம்வரை ஒரே இடத்தில் நிற்கிற புள்ளி மாதிரி இருந்துவிட்டு, திடீரென்று ஊதிப் பெருக்கிறது. “எங்கையிருந்து வந்தானெண்டே தெரியேல்லை” என்று விபத்துக்குப் பிறகு ஓட்டோக்காரர் சொன்னால் அது எப்போதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

கண்ணிலும் ஒரு குறை இருக்கிறது. கூர்மையாகப் பார்க்கிற நடுப்பகுதி, நீட்டிய கையில் இரண்டு சுண்டுவிரல் அகலம்தான். ஒழுங்கையிலிருந்து மெயின் றோட்டுக்கு ஏறுகிறவர் வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை பார்ப்பார். அப்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஒவ்வொரு தத்தலின்போதும் வருகிற மங்கல் காட்சியை மூளை தள்ளிவிடுகிறது. இரண்டு தத்தலுக்கு நடுவில் சுண்டுவிரலில் பாதி அகலமான ஒன்று விழுந்துவிடுவது பெரிய அதிசயமில்லை. ஓரப் பார்வைக்கு நுணுக்கம் தெரியாது. ஆனால் சுற்றுப்புறத்தோடு ஒட்டாத பளிச்சென்ற ஒன்று வந்தால் அது உடனே பிடித்துக்கொள்ளும், கண்ணையும் அந்தப் பக்கம் இழுக்கும். லைற் செய்கிற வேலை இதுதான்.

1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை, லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்தது. இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழி விட வேண்டிய மற்ற வாகனக்காரரே குறுக்கே வந்திருந்தார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். எங்கள் ஒழுங்கைகளில் பாதி வெயில், பாதி வேப்ப மர நிழல். நிழலுக்குள் வெளிச்சம் வெயிலில் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் குறைவு. வெயிலில் நிற்கிறவரின் கண் வெயிலுக்குப் பழகியிருக்கும். அவருக்கு நிழலுக்குள் கறுப்பு ஹெல்மெற், கறுப்பு பைக், கடும் நீல சேர்ட் எல்லாம் ஒரே இருட்டாகத்தான் தெரியும். போன வருடம் ஒழுங்கை முடக்கொன்றில் அப்படி நிழலோடு நிழலாக வந்த ஒருவரை நான் காணவேயில்லை. பிரேக் பிடித்த சத்தத்தில்தான் கண்டேன். இரண்டு பேரும் இறங்கி நின்று ஆளையாள் ஏசிவிட்டுப் போனோம். அவரிடம் லைற் எரியவில்லை. எரியாததில் சட்டப் பிழை எதையும் நான் தேடவில்லை, அன்று நான் கேட்டதெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளிதான். ஆக, வெயில் கடுமையாக இருப்பது லைற்றுக்கு எதிரான காரணமே இல்லை. வெயில் ஏற ஏற நிழல் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

எங்களைப்போலவே வெயில் நாடான மலேசியா 1992இல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் லைற்றைக் கட்டாயமாக்கியது. கண்ணில் படாததால் நடக்கும் வகை விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சிங்கப்பூரும் 1995இல் அதே வழிக்கு வந்தது.

அப்புறம், பற்றரி. “பகலிலை போட்டா பற்றரி இறங்கிப்போம்” என்று கராச்சுகளில் சொல்வார்கள். பழைய பைக் வைத்திருந்தவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சந்தியில் நிற்கும்போது லைற் மங்கும், அக்சிலேற்றரை முறுக்கினால் பளிச்சென்று வரும். பற்றரியிலிருந்து எரிகிற லைற் அப்படி ஆடாது. இஞ்சினோடு சுற்றுகிற மக்னெற் கொயிலிலிருந்து அது நேரே எரிகிறது, பற்றரிக்கு அதில் பங்கே இல்லை. பற்றரியில் எரிகிற வகையிலும் ஓட ஓட சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பெற்றோல் கதை இன்னும் வேடிக்கை. பல பைக்குகளில் கொயில் எப்போதும் முழு வீச்சில் மின்சாரம் எடுக்கிறது. செலவாகாத மிச்சத்தை றெகுலேற்றர் குறுக்கே இணைத்துச் சூடாக்கி வீணடித்துவிடுகிறது. அப்படியான பைக்கில் 35 வற்று லைற்றை அணைத்து மிச்சம் பிடிப்பதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை.

இதற்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாக் காரும் லைற் போட்டால் அந்தக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிளின் ஒற்றை லைற் தொலைந்துபோகும் என்ற கவலை ஐரோப்பாவில் இருந்தது. ஒஸ்திரியா 2005இல் கொண்டுவந்த பகல் லைற் சட்டத்தை 2008இல் கைவிட்டேவிட்டது. ஒற்றை லைற்றை வைத்துத் தூரத்தையும் வேகத்தையும் மதிப்பிடுவதும் கடினம். ஒன்று வருகிறது என்று தெரியும், எவ்வளவு கிட்ட என்று தெரியாது.

லைற்றே ஆளை மறைத்த கதையும் உண்டு. 1943இல் அமெரிக்கக் கடற்படை, வானத்தின் பின்னணியில் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிற விமானத்தை மறைக்க வழி தேடியது. இறக்கையின் முன்விளிம்பில் விளக்குகளைப் பூட்டி, வானத்தின் பிரகாசத்துக்குச் சமமாக எரியவிட்டார்கள். 12 மைலிலேயே தெரிந்த விமானம் 2 மைலுக்குள் வரும்வரை தெரியவில்லை. யெகூடி விளக்குகள் என்று அதற்குப் பெயர். பின்னணியைவிட லைற் பிரகாசமாக இருந்தால்தான் ஆளைக் காட்டும். சமமாக இருந்தால் ஒளித்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கடலுக்கு நடுவே வேலணைத் தீவுப் பக்கம் போகிற பண்ணைத் தாம்போதியில் பின்னேரம் ஐந்தரைக்கு இதை நேரே பார்க்கலாம். வேலணைப் பக்கம் போகிறவருக்கு வெயில் முகத்தில் அடிக்கும், கடல் நீரும் சேர்ந்து மினுங்கும். எதிரே யாழ்ப்பாணம் நோக்கி வருகிற மோட்டார் சைக்கிளின் லைற் அந்த மினுக்கத்தில் கரைந்துபோகும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதில் வருகிறவருக்கோ வெயில் முதுகுப் பக்கம். றோட்டு, கடல், எதிரே வருகிற ஆளின் முகம் எல்லாம் அவருக்குப் படம் பிடித்த மாதிரித் தெளிவாகத் தெரிகிறது. தன்னையும் அவர்கள் அப்படித்தான் காண்கிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டு வருகிறார்.