பெட்டியில் 192 என்று போட்டிருந்தால் வாங்கிவிடுவீர்களா?

மிக்ஸிங்குக்கு வந்த ஃபைல் ஒன்று. ஒற்றைக் குரல், நாலரை நிமிடம், 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 155 எம்பி. திறந்து கேட்டால் பின்னால் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. சரணத்தில் குரல் மேலே போகிற இடமெல்லாம் கிளிப் ஆகி, அதாவது அளவு மீறி அலையின் தலை வெட்டுப்பட்டு, பிளந்து கிடக்கிறது. கூடவே ஒரு குறிப்பு: "ஹை ரெசல்யூஷன்ல எடுத்திருக்கேன் சார், கொஞ்சம் வார்மா கொண்டு வாங்க." இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால்தான், வீட்டில் குரல் பதிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு.

முதலில் அந்த 192. சினிமாவில் ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது போல, சாம்பிள் ரேட் (ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறோம் என்பது) கூடக் கூட நடுவில் விட்டுப்போன ஒலியெல்லாம் நிரம்பும் என்று பலரும் நம்புகிறார்கள். படிக்கட்டு போல ஒரு படத்தைக் காட்டி யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தவறு. சாம்பிள் ரேட்டில் பாதி அளவுக்குக் கீழே இருக்கிற ஒலியில் எதுவும் விட்டுப்போவதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் கிட்டத்தட்ட 24 கிலோஹெர்ட்ஸ் வரை அலை முழுசாகத் திரும்பக் கிடைக்கும். வெளியே வருவது படிக்கட்டு அல்ல, வழுவழுப்பான அலை. நல்ல இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 192-இல் கூடுதலாகக் கிடைப்பது 24-க்கும் 96-க்கும் நடுவில் உள்ள பகுதி. வௌவாலுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குரலுக்கு வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கணக்குச் சொல்கின்றன என்பதையும் பாருங்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. 192-இல் 34.6 எம்பி. பத்து டிராக், நாலு நிமிடப் பாட்டு என்றால் 346 எம்பி எங்கே, 1,380 எம்பி எங்கே. ப்ளக்இன்களும் (ஒலியை மாற்றும் துணை சாஃப்ட்வேர்கள்) நாலு மடங்கு வேலை செய்ய வேண்டும். லேப்டாப் திணறும், டிராக்கில் டிக் டிக் என்று ஓசை விழும், பழி இன்டர்ஃபேஸ் மேல். (ஒலியைப் பல மடங்கு மெதுவாக்கி எஃபெக்ட் செய்கிற சவுண்ட் டிசைனர்களுக்கு உயர்ந்த ரேட்டால் நிஜமான பயன் உண்டு. அவர்கள் இந்தப் பதிவைப் படிக்க வேண்டியதில்லை.)

24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்பது) மட்டும் கட்டாயம். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும். திரையில் அலை ஒல்லியாகத் தெரிகிறதே என்று கெய்னை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) தூக்காதீர்கள், ஜூம் பண்ணிப் பாருங்கள். குறைவாகப் பதிந்ததை எங்களால் ஏற்ற முடியும். உள்ளே நுழையும்போதே கிளிப் ஆனதை ஒட்டுப்போடலாமே தவிர, பழைய குரலைக் கொண்டுவர முடியாது. தயவுசெய்து.

பெட்டியில் உண்மையில் பார்க்க வேண்டிய எண், மைக் ப்ரீஆம்ப்பின் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதியின்) அதிகபட்ச கெய்ன். பாட்காஸ்ட் காணொளிகளில் பார்த்துப் பார்த்து எல்லோரும் ஆசைப்படும் ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக், ஒரு பாஸ்கல் (ஒலி அழுத்தத்தின் அலகு) ஒலிக்கு 1.12 மில்லிவோல்ட் தருகிறது. ரோடு என்டி1-ஏ போன்ற கண்டென்சர் மைக், அதே ஒலிக்கு 25 மில்லிவோல்ட். 22 மடங்கு வித்தியாசம். அந்த ஷூருக்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும். 50 சொச்சத்தோடு நின்றுவிடும் பெட்டியில் செருகி, குமிழைக் கடைசி வரை திருகினால் குரலோடு 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் வரும். பிறகு 20, 25 டெசிபல் கூட்டித் தரும் பூஸ்டர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். மைக், பெட்டி, பூஸ்டர் மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஈஐஎன் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், ப்ரீஆம்ப் தானே எழுப்பும் இரைச்சலின் அளவு அது. மைனஸ் 127, 128 என்றிருந்தால் நிம்மதி.

நாகஸ்வரம், தவிலுக்குக் கதை நேர் எதிர். அங்கே கெய்ன் தேவையே இல்லை, சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தான் வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. நாலு இன்புட் என்றால் நாலு மைக் போடலாம் என்று அர்த்தமில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4-இல் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். 18ஐ8-இல் நாலு. மீதியெல்லாம் லைன் இன்புட்டும் டிஜிட்டல் இன்புட்டும். பாட்டோடு மிருதங்கத்தின் இரு தலைக்கும் மைக் வைத்தால் அங்கேயே மூன்று ஆயிற்று. 'எத்தனை இன்புட்' என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், 'எத்தனை மைக் ப்ரீ' என்று கேளுங்கள். பிக்கப் வைத்த கிடார், வீணை என்றால் ஹை-இசட் இன்புட் (பிக்கப்புக்கென்றே உள்ள, மின்தடை அதிகமான இன்புட்) கட்டாயம். சாதாரண லைனில் செருகினால் மேல்ஸ்தாயியின் பளபளப்பு போய் மந்தமாகிவிடும்.

"டைப்-சி இருக்கு சார், லேட்டன்சி வராது." லேட்டன்சி என்பது பாடியது ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்க ஆகும் தாமதம். டைப்-சி என்பது பிளக்கின் வடிவம். இரண்டு சேனல் ஒலிக்கு நொடிக்கு 2.3 மெகாபிட் போதும். பழைய யூஎஸ்பி 2-வே 480 தாங்கும். லேட்டன்சியை முடிவு செய்வது டிரைவரும் பஃபரும் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை). 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. பாடும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 512-க்கு மேல். விண்டோஸ்காரர்கள், பெட்டியைச் செய்த நிறுவனமே எழுதிய ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) உண்டா, உங்கள் விண்டோஸ் பதிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர் விண்டோஸ் டிரைவர் மேல் போர்த்திய போர்வை, அவ்வளவுதான். டைரக்ட் மானிட்டர் (கணினிக்குப் போகாமல் பெட்டியிலிருந்தே குரலை நேராகக் கேட்கும் வசதி) போட்டால் சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். "எக்கோ அடிக்குது, பீஸ் போச்சு" என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் பழுதே இல்லாதவை நிறைய.

கண்டென்சர் மைக்குக்காகப் பெட்டி கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட்டை (ஃபேன்டம் பவர்) போட்டால் டைனமிக் மைக் எரிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக்குக்கு மட்டும் ஜாக்கிரதை. மைக்கைச் செருகிய பிறகு 48 வோல்ட், கழற்றும் முன் ஆஃப், அதுவரை ஸ்பீக்கர் ஊமையாக இருக்கட்டும். மலிவு கண்டென்சரோடு வரும் 3.5 மில்லிமீட்டர் கேபிளில் ஃபேன்டம் பவர் ஏறாது. அதை ஓரமாக வைத்துவிட்டு எக்ஸ்எல்ஆர் கேபிள் வாங்குங்கள்.

'ம்ம்ம்' என்று ஹம் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஹம் நின்றால் இன்டர்ஃபேஸில் குற்றமில்லை, சந்தேகம் சார்ஜர் மேலும் வீட்டு எர்த் மேலும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை பேட்டரியில் பதியுங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்தால் ஹம் போய்விடும் என்று எவராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அந்தப் பின் இருப்பது உங்கள் உயிருக்கு. மைக்கில் உதடு படும் நேரத்தில் ஷாக் அடித்தால் மறு டேக் கிடையாது.

பட்ஜெட் மீறுகிறதென்றால் இரண்டு மைக் ப்ரீ உள்ள எளிய பெட்டியோடு நின்று, மிச்சத்தில் கனமான இரண்டு ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை), உறுதியான ஸ்டாண்ட், ஒரு பாப் ஃபில்டர் வாங்குங்கள். ரஜாயைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், மைக் பார்க்கும் திசை அதுதான்.

ஃபைல் அனுப்பும்போது 48, 24, வேவ். பாட ஆரம்பிக்கும் முன் பத்து நொடி சும்மா ஓடவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ஃபேன் கேட்கிறதா? அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.