லாட்ஜ் பில்லில் கையெழுத்துப் போடும் முன்

ஒரு நவம்பர் மழையில் குன்னூர் பக்கம் லயன் வீட்டின் (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) பின்சுவர் சரிந்துபோன குடும்பம். "முகாம் பள்ளிக்கூடம் நிரம்பிடுச்சு, அந்த லாட்ஜுக்குப் போங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அதிகாரிகள் வாயால் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் ரிசப்ஷனில் பில் வந்தது. அந்த அம்மா காதுக் கம்மலைக் கழற்றியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இன்னொரு வீட்டுக்கு இது நடக்கக் கூடாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 தங்க இடம், சாப்பாடு, குடிநீர், மருத்துவம், கழிப்பிடம் இவற்றைக் குறைந்தபட்ச நிவாரணமாகச் சொல்கிறது. லாட்ஜ் அறை என்று எங்கும் இல்லை. ஆனால் தனியார் கட்டிடத்தை எழுத்து உத்தரவு போட்டு எடுத்துக்கொள்ள 65-வது பிரிவு மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது, ஓனருக்கு இழப்பீடு தர வேண்டியது அரசு (பிரிவு 66). எழுத்து உத்தரவு என்பதை மறக்காதீர்கள். உத்தரவு இல்லையென்றால் லாட்ஜ்காரருக்கு நீங்கள் சுற்றுலா வந்தவர்தான், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

அதனால் பையை இறக்குவதற்கு முன்பே உத்தரவைக் கேட்டு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரவில்லையா, அனுப்பிய அதிகாரிக்கு லாட்ஜ் பெயர், எத்தனை பேர், எத்தனை மணி என்று வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்றாவது ஒரு பதில் வாங்குங்கள். லாட்ஜ் ரிஜிஸ்டரில் பெயர் இருப்பது வேறு, விஏஓ வைத்திருக்கும் நிவாரண முகாம் பதிவேட்டில் இருப்பது வேறு. கைக்குழந்தை உட்பட எல்லார் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். கைக்காசைக் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அப்படி பில்லோடு தாலுகா ஆபீசுக்கு நடந்த யாருக்கும் பணம் வந்து நான் பார்த்ததில்லை.

பெரிய அடி விழுவது வீட்டுக் கணக்கில். நீங்கள் லாட்ஜில் இருக்கும்போது அதிகாரிகள் வீட்டுச் சேதத்தைப் பார்க்க வந்து, பூட்டியிருந்தது, பகுதிச் சேதம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மாநில பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி மலைப்பகுதியில் முழுச் சேதத்துக்கு 1,30,000 ரூபாய், பகுதிச் சேதம் என்றால் நல்ல கட்டு வீட்டுக்கே 6,500தான். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு போகிறது பாருங்கள். ஆய்வுக்கு வரும்போது வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் சுவரையும் கூரையையும் படம் எடுத்து வையுங்கள்.

வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டிடமாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. கூடலூர் பக்கம் பட்டா இல்லாதவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எது இருந்தாலும் மனுவோடு வையுங்கள். லயன் வீடு எஸ்டேட்டுடையது, வீட்டுப் பணம் உங்களுக்கு வராது. ஆனால் வீடு முழுதாக இடிந்திருந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்பது வீட்டுக்கல்ல, குடும்பத்துக்குத் தரும் பணம். இதற்குத் தனியாக மனு எழுதுங்கள், கேட்காமல் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

மழை விட்ட மறுநாளே காலி பண்ணச் சொல்வார்கள். வீடு தங்கத் தகுதியானது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அடித்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், எழுதித் தரும்வரை அறைச் சாவியைக் கொடுக்காதீர்கள்.