மளிகை லிஸ்ட் எழுதும் முன் ரேஷன் அட்டையைப் பாருங்கள்

மாதச் செலவைக் கட்டுக்குள் வைக்க நினைக்கிற பல வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. முதல் வாரமே மளிகை லிஸ்ட் போட்டு மொத்தச் சாமானையும் வாங்கிவிடுவார்கள். அப்புறம் பத்தாம் தேதிவாக்கில் ரேஷன் கடையில் பருப்பு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னதும், அதையும் போய் வாங்கி வருவார்கள். இப்படி வாங்கினால் ரேஷனால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. வீட்டில் டப்பாதான் நிறையும். ரேஷனில் நமக்கு என்ன உண்டு, எவ்வளவு உண்டு, என்ன விலை என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த கணக்கு. லிஸ்ட்டில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான். மளிகைக் கடைக்கு மிச்சத்தை எழுதினால் போதும்.

தமிழ்நாட்டு அட்டைதாரர்களுக்கு அந்தக் கணக்கு எப்படி என்று பார்ப்போம்.

2017-இல் பழைய புத்தக அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. அதன் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். உங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். என்றும் இருந்தால் அந்தியோதயா, அதாவது மிக வறிய குடும்பங்களுக்கான அட்டை. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம். ஆனால் இதுவும் அரிசி அட்டைதான். அதன் பின்னால் எஸ் சேர்ந்தால் சர்க்கரை அட்டை. என்.சி. சேர்ந்தால் எந்தப் பொருளும் கிடையாது. முகவரிக்கும் அடையாளத்துக்கும் மட்டும் உதவும்.

முன்னுரிமை இல்லை என்று எழுதியிருந்தால் அரிசி கிடைக்காதோ என்ற குழப்பம் இன்னமும் இருக்கிறது. கிடைக்கும். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டம் முன்னுரிமை, அந்தியோதயா குடும்பங்களுக்கு மட்டும்தான். ஆனால் வருமான வரம்பு பார்க்காமல் எல்லாருக்கும் பொருள் தருவது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம் என்பதால், மற்றவர்களுக்கான அரிசிச் செலவை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. 2017-இல் ஏ.சி., கார் வைத்திருப்பவர்கள் முன்னுரிமைப் பட்டியலில் வரமாட்டார்கள் என்று அரசிதழில் அறிவிப்பு வந்தபோது, ரேஷனே நிற்கப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஒன்றும் நிற்கவில்லை.

இனி அளவுக்கு வருவோம். அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்குக் குடும்பத்தின் அளவைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை. மூன்று அட்டைகளுக்கும் அரிசி இலவசம்; 2011 ஜூன் முதல் இங்கே அப்படித்தான். கோதுமை இருப்பில் இருந்தால் அரிசிக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த அளவு அரிசியில் கழிந்துவிடும். சப்பாத்தி சாப்பிடுகிற வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. மாவு மில்லில் கொடுத்து அரைக்கிற கூலி மட்டும்தான் செலவு.

சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ, ஓர் அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. கிலோ 25 ரூபாய். அந்தியோதயாவுக்கு மட்டும் 13 ரூபாய் 50 காசு. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் பாக்கெட், 25 ரூபாய். சர்க்கரை அட்டைக்காரர்களுக்கு அரிசி கிடையாது. அதற்கு ஈடாகக் கூடுதல் சர்க்கரை உண்டு. பருப்பும் பாமாயிலும் அவர்களுக்கும் உண்டு.

நாலு பேர் உள்ள, முன்னுரிமை அட்டை வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ அரிசிக்குப் பணம் இல்லை. சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய், பருப்பு 30, பாமாயில் 25. மொத்தம் 105 ரூபாய். வெளியில் துவரம் பருப்பே கிலோ நூறு ரூபாயைத் தாண்டித்தான் நிற்கிறது. பருப்பு, பாமாயில், சர்க்கரை மூன்றிலும் சேர்த்து மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். அரிசியையும் சமைத்துச் சாப்பிடுகிற வீடு என்றால், கிலோவுக்கு 40 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் இன்னொரு 800 ரூபாய்.

ஒரு கிலோ பருப்பு மாதம் முழுக்க வராது என்பது உண்மைதான். தினமும் சாம்பார் வைக்கிற வீட்டில் பத்து நாளில் தீர்ந்துவிடும். அதனால் மளிகை லிஸ்ட்டில் துவரம் பருப்பை அடித்துவிட வேண்டாம். மூன்று கிலோ என்று எழுதும் இடத்தில் இரண்டு என்று எழுதுங்கள். பாமாயிலை வடை, அப்பளம் பொரிக்க ஒதுக்கிவிட்டால் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தாளிப்புக்கு நின்று வரும்.

அரிசி விஷயம் வீட்டுக்கு வீடு மாறும். சாதத்துக்குப் பிடிக்காது என்பவர்கள் கூட, கிடைக்கிற புழுங்கலரிசியை இட்லி, தோசை மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். பலர் செய்வதும் அதுதான். இலவசம்தானே என்று வாங்கி வெளியில் பத்துக்கும் இருபதுக்கும் விற்பது மட்டும் சட்டப்படி குற்றம், வாங்குகிறவருக்கும் சேர்த்து.

இந்த அரிசியைக் களையும்போது சில அரிசி மட்டும் மேலே மிதக்கும். நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதைப் பொறுக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் வார்த்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கிறார்கள். எறிய வேண்டியதில்லை. பலமுறை களைந்து தண்ணீரைக் கொட்டாமல், அளவாகக் களைந்து சமைப்பது நல்லது. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு முக்கியமான விதி: அந்த மாதத்துப் பொருளை அந்த மாதமே வாங்க வேண்டும். இந்த மாதம் விட்டதை அடுத்த மாதம் சேர்த்துத் தரமாட்டார்கள். அரசு தரப்பில் கொள்முதல் தாமதமாகி பருப்போ பாமாயிலோ வராமல் போனால், அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சில சமயம் அறிவிப்பு வரும். 2024 மே மாதப் பொருளுக்கு அப்படி அவகாசம் கொடுத்தார்கள். அதை நம்பி இருக்கக் கூடாது.

கடைக்கு நாலு நடை நடப்பதுதான் பலருக்கு அலுப்பு. அரிசி ஒரு நாள், பருப்பு ஒரு நாள் என்று வரும். அட்டையோடு இணைத்த செல்போன் எண்ணிலிருந்து 97739 04050 என்ற எண்ணுக்கு, பி.டி.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு 101 என்று அனுப்பினால் உங்கள் கடையில் என்ன இருப்பு என்று பதில் வரும். 102 என்று அனுப்பினால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். போன் எண் மாறியிருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். ஏனென்றால் பில் போட்டதும் வருகிற குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விடாதீர்கள். பருப்பு இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், செய்தியில் துவரம் பருப்பு ஒரு கிலோ என்று இருக்கும். கவுன்டரை விட்டு நகரும் முன்பே பார்த்தால் அங்கேயே கேட்டுவிடலாம். வீட்டுக்குப் போன பிறகு பார்த்தால், 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். அட்டை எண்ணும் கடை எண்ணும் கையில் இருக்கட்டும்.

இன்னொரு தொல்லை, உப்பு, டீத்தூள், சோப்பு, சேமியா இவற்றையும் எடுத்தால்தான் சர்க்கரை என்று சில இடங்களில் நெருக்குவது. இவை கட்டுப்பாடற்ற பொருட்கள். விருப்பம் இருந்தால் வாங்கலாம், கட்டாயம் எதுவும் இல்லை. விற்பனையாளர்களுக்கும் மேலிருந்து விற்பனை இலக்கு கொடுக்கிறார்கள் என்பதால் அவர்கள் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 105 ரூபாய்க் கணக்கோடு போனவர் 200 ரூபாய் கொடுத்துவிட்டு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சொந்த ஊர் அட்டையை வைத்துக்கொண்டு சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கிறவர்கள், ரேஷனே நமக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் இங்கே வந்தபின், மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். வெளி மாநிலத்தில் முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டும் தானியம் கிடைக்கும். நம் ஊர்ப் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடையாது. அந்த இரண்டு அட்டைக்காரர்களும், குடும்பத்தில் ஒவ்வொருவராகக் கைரேகை வைத்து இ-கே.ஒய்.சி., அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பை முடித்திருக்கிறார்களா என்று கடையில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நடக்க முடியாத பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால், வேறொருவர் வாங்கி வர அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள் புது அட்டை கேட்கும் முன், இரண்டு பேர் பெயரையும் பெற்றோர் அட்டைகளிலிருந்து நீக்க வேண்டும். தனிச் சமையல் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். பெயர் சேர்ப்பது, நீக்குவது, முகவரி, போன் எண் மாற்றுவது எல்லாவற்றையும் இணையத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம். இழுத்தடித்தால், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமுக்கு ஆதாரும் அட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். குழந்தை பெயரைச் சேர்க்க வேண்டும் என்றால் பிறப்புச் சான்றிதழும் வேண்டும்.