வெளியீட்டு நாள் மதிப்பெண்ணை நம்பி விளையாட்டு வாங்கலாமா?

கணினி விளையாட்டுகளில் பிழை தேடுவது என் தொழில். புதிய விளையாட்டு ஏதேனும் வெளியானதும் "வாங்கலாமா?" என்று உறவுக்காரப் பிள்ளைகள் கேட்டால், உங்கள் கணினியில் என்ன கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். விமர்சகர் பத்துக்கு ஒன்பது கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் ஆடிப் பார்த்ததும் உங்கள் வீட்டில் ஓடப்போவதும் ஒன்றுபோலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு இதற்கு நல்ல சான்று. 2020 டிசம்பர் 10 அன்று அது வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. அவர்களும் பெரும்பாலும் பாராட்டியே எழுதினார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவி வைத்திருந்தவர்களுக்கோ, அடிக்கடி செயலிழந்து வெளியேறுவதும் முகங்கள் மங்கலாகத் தெரிவதுமாக ஒன்று வாய்த்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே நீக்கி, 2021 ஜூனில்தான் மீண்டும் விற்பனைக்கு அனுமதித்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் (குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்பு) வந்த பிறகு, குறை சொன்னவர்களில் பலரே மெச்சினார்கள். ஆகவே மதிப்பெண்ணுக்கு முன்னால், எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை ஆடி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

திரையில் விநாடிக்கு எத்தனை பிரேம்கள், அதாவது படங்கள், வரையப்படுகின்றன என்ற சராசரிக் கணக்கும் ஏமாற்றக்கூடியது. விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிவிநாடி. ஒரே ஒரு பிரேம் 200 மில்லிவிநாடியை விழுங்கிவிட்டு, மீதி 59 பிரேமும் தலைக்குச் சுமார் 13.6 மில்லிவிநாடியில் முடிந்துவிட்டால், கணக்கில் அப்போதும் 60 என்றே வரும். ஆடுபவர் கண்ணுக்குத் திரை உறைந்து நின்றது நன்றாகவே தெரியும். முதன்முறை ஒரு வெடிப்பைப் பார்க்கும்போது இப்படித் திக்கி, அடுத்த முறை சீராக ஓடினால், ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்கள்) அந்த நேரத்தில் தொகுக்கப்பட்டதே பெரும்பாலும் காரணம். மறுமுறையும் திக்கினால் ரேம், கார்டின் நினைவகம், விளையாட்டின் வடிவமைப்பு என்று வேறு இடங்களில் தேட வேண்டும். இதற்காகவே, ஆட்டத்தில் கூட்டம் மிகுந்த சந்தை ஏதாவது இருந்தால் அதன் நடுவில் நின்று கேமராவைச் சட்டென்று சுழற்றிப் பார்ப்பேன்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக ஆட்டத்தைப் பதிந்துவைக்கும் சேமிப்பையும் சோதிக்க வேண்டும். நான் பணியாற்றிய ஒரு விளையாட்டில், நாயகன் பாலத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும் நொடியில் தானியங்கிச் சேமிப்பு நடந்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை திறந்தாலும் அவன் விழுந்து சாவான். நாங்கள் தினமும் புதிய ஆட்டமாகவே தொடங்கியதால் பல வாரம் அது எங்கள் கண்ணில் படவேயில்லை. (சோதனைக்காரர்களான எங்களுக்கு அது நல்ல தலைகுனிவு.)

பலம் என்று நான் மதிப்பவை பெரும்பாலும் விளம்பரத்தில் வருவதில்லை. காட்சியழகு பத்து நிமிடத்தில் பழகிவிடும். தோற்றபின் ஏன் தோற்றோம் என்று புரிகிறதா என்பதைத்தான் கவனிப்பேன். எதிரி கையை ஓங்குவது தெளிவாகத் தெரிந்தும் அடி வாங்கினால் பிழை என்னுடையது. தெரியாமலே அடி விழுந்தால் விளையாட்டினுடையது. விசைகளை மாற்றிக்கொள்ளவும் வசன எழுத்தைப் பெரிதாக்கவும் வசதி இருந்தால், செய்தவர்கள் ஆடுபவரை நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்கும் நிலையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விளையாட்டைத் திறந்துவைத்து ஷேடர் தொகுப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் அந்த இரண்டு மணிக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், தொடக்கக் காட்சிகளைத் தாண்டிவிட்டு நெரிசலான இடத்துக்கு முதலில் போய்ப் பாருங்கள். ஒருமுறை மூடித் திறந்தும் பாருங்கள். கதையைப் பிறகு நிதானமாக ரசிக்கலாம்.