விஇபி எடுத்தாச்சு, காப்புறுதியைப் படித்தீர்களா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, விஇபி எடுத்துட்டேன், இனிமே தாராளமா மலேசியாவுக்குக் கார் ஓட்டிட்டுப் போகலாம்தானே?" போகலாம். ஆனால் விஇபி (வாகன நுழைவு அனுமதி) என்பது உங்கள் சிங்கப்பூர் காரை மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் பதிவு செய்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம் என்று சொன்னதும் எல்லாரும் அடித்துப்பிடித்து எடுத்தார்கள், நல்லதுதான். விபத்து என்று வந்துவிட்டால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வில்லை ஒரு காசு தராது. தரவேண்டியது வருடா வருடம் நீங்கள் புதுப்பிக்கும் மோட்டார் காப்புறுதி. அதில் பிரீமியம் எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் அதிகம்.

ஜேபி (ஜொகூர் பாரு), மலாக்கா, பினாங்கு வரை போகிறவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூரில் எடுக்கும் தனியார் கார் காப்புறுதி பொதுவாக மேற்கு மலேசியாவிலும் செல்லும். உங்கள் காப்புறுதிச் சான்றிதழின் தலைப்பைப் பாருங்கள், சிங்கப்பூர்ச் சட்டத்தோடு மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பெயரும் அங்கே அச்சாகியிருக்கும்.

அதற்கு மேல் வடக்கே போகிறவர்கள்தான் பாலிசியில் இடங்களைக் குறிப்பிடும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். வழக்கமாக அதில் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அப்புறம் மலேசிய எல்லையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் தாய்லாந்துப் பகுதி என்று இருக்கும். ஹாட்யாய் அதற்குள் வந்துவிடும். கிராபியும் புக்கெட்டும் வராது. "ஹாட்யாய் வரைக்கும் வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று கிளம்புகிறவர்கள், அந்தக் கோட்டைத் தாண்டியதும் சொந்தக் காருக்குக் காப்பே இல்லாமல் ஓட்டுகிறார்கள். நீட்டித்துத் தரச்சொல்லி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள், கூடுதல் பணத்துக்குச் சிலர் தருவார்கள், சிலர் முடியாது என்பார்கள். எந்தப் பதிலாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

இதோடு தாய்லாந்துக்கென்று கட்டாயக் காப்புறுதி ஒன்று தனியாக உண்டு, அவர்களின் 1992 சட்டப்படி வெளிநாட்டு வண்டிக்கும் அது வேண்டும். தாய்லாந்து எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹித்தாம் போகும் வழியில் சங்லூன் கடைகளில் எடுத்துக்கொள்ளலாம், விலையும் குறைவு. விலை ஏன் குறைவு என்றால், அது ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும்தான். நீங்கள் இடித்த காருக்கோ உங்கள் காருக்கோ அதிலிருந்து எதுவும் வராது. மலேசியாவில் இருக்கும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள்: அங்கே பதிந்த காரின் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றிலும் செல்லும், தாய்லாந்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சரி, விபத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை காப்பு இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைவிட, காப்பு இருந்தும் முதல் சில மணி நேரத்தில் தப்பான காரியம் செய்து கிளெய்மைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பின்னால் ஒருவர் இடிக்கிறார், நீங்கள் இறங்கிப் பார்ப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு இழுவை வண்டி வந்து நிற்கும், "எனக்குத் தெரிஞ்ச வொர்க்‌ஷாப் பக்கத்துலதான் இருக்கு" என்பார் அதில் வந்தவர். தயவுசெய்து ஏறாதீர்கள். கார் அந்த வொர்க்‌ஷாப்புக்குள் போய்விட்டால் வெளியே எடுக்க அவர்கள் கேட்பதுதான் விலை, உங்கள் நிறுவனம் அங்கீகரிக்காத இடத்தில் ரிப்பேர் செய்துவிட்டால் அந்தச் செலவு திரும்பி வருவதும் சந்தேகம். பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு முதலில் உங்கள் நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள், நெடுஞ்சாலை நிறுவனத்தின் ரோந்து வண்டியையும் கூப்பிடலாம். இழுவைச் செலவை எவ்வளவு வரை தருவார்கள் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்குக் காரை இழுத்து வருவது சின்னச் செலவு இல்லை.

அடுத்து போலீஸ். மலேசியாவில் விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அங்கேயே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும், அது அந்த நாட்டுச் சட்டம். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் அப்புறம் அந்த அறிக்கைக்காகத் திரும்பப் போய் அலைய வேண்டியதுதான், எதிராளியின் மலேசியக் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்க அது இல்லாமல் முடியாது. சிங்கப்பூர் வந்ததும் உங்கள் நிறுவனத்திடமும் உடனே பதிய வேண்டும். இங்கே விதி 24 மணி நேரம் அல்லது அடுத்த வேலை நாள், கீறல்கூட இல்லாவிட்டாலும்தான். தாமதித்தால் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, குறையலாம், கிளெய்மையே மறுக்கலாம். "ரெண்டு பேரும் பேசிக் காசு கொடுத்து முடிச்சுட்டோம்" என்கிறவர்களும் பதியத்தான் வேண்டும், ஏனென்றால் சில மாதம் கழித்து எதிராளி கழுத்து வலி என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அப்போது உங்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல எந்தத் தாளும் இருக்காது.

சொந்தக் காப்புறுதியில் கிளெய்ம் செய்தால் 50 சதவீத என்சிடி 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எக்ஸஸ், அதாவது ரிப்பேர் பில்லில் உங்கள் கைப்பணமாகக் கட்டும் பங்கு, சில பாலிசிகளில் மலேசியாவில் கார் திருடுபோனால் இன்னும் கூடுதலாக இருக்கும்.

ஓட்டுவது யார் என்பதும் முக்கியம். நீண்ட பயணம் என்று மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கும் முன் பாலிசி அவரை ஏற்கிறதா என்று பாருங்கள். காசு வாங்கி ஆள் ஏற்றிக்கொண்டு ஜேபி போய் வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: தனியார் பயன்பாட்டுக் காப்புறுதியில் அதற்கு இடமில்லை.

வாடகைக் கார் என்றால் மலேசியா போக நிறுவனத்தின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், வழக்கமாக நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்து அனுமதி இல்லாமல் போனால் முழுச் சேதமும் உங்கள் தலையில்தான் விழும், பல கார்களில் ஜிபிஎஸ் இருப்பதால் நீங்கள் துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் அவர்களுக்குத் தெரிந்தும்விடும்.